கணவாயைக் காரில் கடக்கும்போது வழியில் ஏன் தங்கச் சொல்கிறார்கள்?

"கார் இருக்கிறது, ஒரே மூச்சில் கடந்துவிடலாமே, நடுவில் எதற்கு ஓரிரண்டு இரவு?" என்று பலர் கேட்கிறார்கள். உடம்பு உயரத்துக்குப் பழகத்தான். கணவாய் என்பது மலைத்தொடரைக் கடக்க வசதியாக, சிகரங்களுக்கு நடுவே இருக்கும் தாழ்வான இடம். தாழ்வு என்றாலும் சில கணவாய்கள் 5,000 மீட்டரைத் தாண்டும்!

மெத்தைகளை அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது அமுங்கிக் கிடக்கும், மேலே இருப்பது உப்பலாக நிற்கும். காற்றும் அப்படித்தான். சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட பாதி. வேகமாக மூச்சு வாங்கி உடம்பு ஈடுகட்டப் பார்க்கும், ஆனால் சரியாகப் பழக நாட்கள் ஆகும். நடந்து ஏறுபவருக்கு அந்த அவகாசம் தானாகக் கிடைக்கிறது. கார் சில மணி நேரத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். அப்புறம் உயர நோய்தான்: தலைவலி, குமட்டல், தூக்கமில்லாத இரவு. (எஞ்சினும் இழுவை குறைந்து திணறும், அது வேறு கதை.)

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். கணவாயில் போட்டோ எடுத்துக்கொண்டு, இறங்கிப் போய்த் தூங்குங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறங்க வேண்டும்.

"நான் தினமும் ஜிம்முக்குப் போகிறவன், எனக்கு வராது" என்பது தப்புக்கணக்கு: நல்ல உடற்கட்டு உள்ளவருக்கும் உயர நோய் வரும்.