பாரசீக வளைகுடாவின் வாயிலில் இருக்கும் ஹோர்முஸ் நீரிணையை மூடாமலேயே, மூடுவோம் என்ற ஈரானின் பேச்சுக்கே எண்ணெய் விலை ஏறுவது ஏன்?

சந்தை இன்றைய இருப்பைப் பார்த்து விலை வைப்பதில்லை. அடுத்த மாதச் சரக்கு வந்து சேருமா என்ற சந்தேகத்துக்கும் சேர்த்தே வைக்கிறது. நீரிணையின் மிகக் குறுகலான இடமும் 30 கி.மீ.-க்கு மேல் அகலம் என்றாலும், கப்பல்கள் போகவும் வரவும் உள்ள தடங்கள் தலா 3-4 கி.மீ. அகலம்தான். வழக்கமான காலத்தில் உலக எண்ணெய் நுகர்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியாகவே போகிறது.

முதலில் எகிறுவது போர் அபாயக் காப்பீடு. கப்பல் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பயணத்துக்குப் பயணம் வாங்குவார்கள். உதாரணத்துக்கு, 10 கோடி டாலர் கப்பலுக்கு 0.1 சதவீதம் 1 சதவீதமானால், 1 லட்சம் டாலர் 10 லட்சமாகும். 20 லட்சம் பீப்பாய் ஏற்றும் டாங்கரில் இது பீப்பாய்க்கு அரை டாலர்தான். பிரீமியத்தைத் தாங்கிவிடலாம், காப்பீடே கிடைக்காவிட்டால்தான் சிக்கல், கப்பல் நகராது.

மாற்று வழி சிலருக்கே உண்டு. சவுதியின் குழாய் செங்கடல் ஓரத்து யான்பு வரை போகிறது, அமீரகத்தின் குழாய் நீரிணைக்கு வெளியே உள்ள ஃபுஜைரா வரை. குவைத், கத்தார், பஹ்ரைன் மூன்றுக்கும் அப்படி ஒன்றும் இல்லை.

அரபு நாடுகளின் 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1974-ல் உருவான சர்வதேச எரிசக்தி முகமை, 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான அவசரகால எண்ணெய் இருப்பை உறுப்பு நாடுகளிடம் கேட்கிறது. ஆனால் கந்தகம் மிகுந்த கனரக எண்ணெய்க்கென அமைத்த சுத்திகரிப்பு ஆலைக்கு, இருப்பிலிருந்து இலகு ரகம் வந்தால் அது முழு ஈடாகாது. கிடைக்கும் டீசல் குறையலாம்.