தேளைக் கண்டால் கை உதறுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன் சார். களப்பணிக்குத் தேள் பிடிக்க வேண்டும். இடுக்கியை எடுத்தாலே கை உதறுகிறது.

பதில்: உதறும் கையோடு பிடிக்கப் போகாதீர்கள். பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, ஒரு கருந்தேளைக் கண்ணாடித் தொட்டியில் விடச் சொல்லி, ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வழவழப்பான கண்ணாடியில் அதனால் ஏற முடியாது. இதை நேரில் பார்த்தாலே பாதி உதறல் அடங்கிவிடும். சருகு அசைந்தால் முன்னிடுக்கிகளை விரிக்கும், வாலை வளைக்கும், துரத்திக்கொண்டெல்லாம் வராது. கொட்டுவதற்கு முன் என்ன செய்கிறது என்று கண்ணுக்குப் பழக வேண்டும். அதற்கு அவசரப்படாதீர்கள்.

பிறகு 25-30 செ.மீ. நீள இடுக்கி. நுனியில் ஸ்பாஞ்சு சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வால் நசுங்கும். கொடுக்கை ஒட்டிய கணுவைப் பிடித்துத் தூக்கி, உடனே டப்பாவில் விடவேண்டும். என்னைக் கேட்டால் அதுகூட வேண்டாம். டப்பாவைக் கவிழ்த்து மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகித் திருப்புவதே சுகம்.

கேள்வி: பெரிய கருந்தேளான நட்டுவாக்காலியைப் பார்த்தால் அலறுகிறேன். சிவப்பாக, சின்னதாக இருப்பதைக் கண்டால் அவ்வளவு பயமில்லை அண்ணா.

பதில்: தலைகீழாக இருக்கிறதே தங்கச்சி! நட்டுவாக்காலிக்குத் தடித்த முன்னிடுக்கி. அதைத்தான் அதிகம் நம்பும். கொட்டினால் வலிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. செந்தேளுக்கு இடுக்கி ஒல்லி, வால்தான் தடிமன். உயிரை வாங்கக்கூடியது அதுதான். எத்தனை அனுபவம் இருந்தாலும் செந்தேளைக் கையால் தொடக் கூடாது.

கேள்வி: கர்நாடகாவில் யாத்கிர் பக்கம் கந்தகூர் மலையில் நாகபஞ்சமிக்குத் தேளை முகத்தில், நாக்கில்கூட விட்டுக்கொள்கிறார்களே?

பதில்: அழுத்தாத வரை தேள் பெரும்பாலும் கொட்டாது. விஷம் ஊற நாளாகும், வீணாக்க அதற்கு மனசு வராது. அங்கேயும் கொட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பக்தியைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கையில் ஏற்றிப் பழகினால் பயம் தெளியுமா?

பதில்: தெளியலாம், அவசியமில்லை. நீங்கள் பதறிக் கையை உதறினால் கீழே விழுந்து தேள் செத்துப்போகலாம்.

கேள்வி: ஓட்டு வீடு சார். ராத்திரி விறகு எடுக்கவே நடுக்கம்.

பதில்: புறஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். அந்த வெளிச்சத்தில் தேள் பச்சை நீலமாக ஒளிரும். அப்போதுதான் தோலுரித்தது மட்டும் ஒளிராது. அதனால் டார்ச் இருந்தாலும் வெறுங்கையை விறகுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: கொட்டிவிட்டால்?

பதில்: கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கைகால் சில்லிடுவது எல்லாம் செந்தேள் விஷத்தின் அறிகுறிகள். மகாராஷ்டிராவின் மஹாடில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்தக் கொதிப்புக்குத் தரும் பிரசோசினை 1980களில் இதற்குக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த மருந்தை டாக்டர்தான் தரவேண்டும். குழந்தையைக் கொட்டியிருந்தால் வலி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது.