பழைய புல்லட்டுக்கு ரீபோர்: இடைவெளி எவ்வளவு விட வேண்டும்?

கேள்வி: என்னிடம் 1978-ஆம் ஆண்டு புல்லட் 350 இருக்கிறது. புகை தள்ளுகிறது, ஆயிலும் குறைகிறது. ரீபோர் (தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது) செய்தே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். லேத் பட்டறைக்காரர், "பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 0.04 மி.மீ. இடைவெளி போதும், இறுக்கமாக இருந்தால்தான் நெடுநாள் உழைக்கும்" என்கிறார். மெக்கானிக்கோ 0.10 மி.மீ. கேட்கிறார். யார் சொல்வது சரி? பிஸ்டனை எப்போது வாங்குவது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மெக்கானிக் பக்கம்தான் நியாயம் அதிகம். திருவொற்றியூரில் தயாரான உங்கள் வண்டியின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். 70 மி.மீ. அகலத்தில் இரண்டும் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் சுமார் 0.14 மி.மீ. விரியும், சிலிண்டர் அதில் பாதியளவுதான் விரியும். ஓடும்போது பிஸ்டன் இன்னும் கூடுதலாகவே சூடாகும். 0.04 மட்டும் விட்டால், சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் ஏறிய சிறிது நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தளர்ந்தால் குளிர்ந்த எஞ்சினில் 'டக டக' சத்தம், அவ்வளவுதான். இறுகினால் பிஸ்டனும் போர் வேலையும் மறுபடி முதலிலிருந்து.

சாதாரண வார்ப்பு பிஸ்டனுக்கு 0.075 முதல் 0.10 வரை விடலாம். நானாக இருந்தால் 0.09 கேட்பேன். பிஸ்டன் பெட்டியில் தயாரிப்பாளர் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே முடிவு. ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டனுக்கு இடைவெளி கூடும், பக்கவாட்டில் பிளவு விட்ட பழைய வகைக்குக் குறையும்.

பிஸ்டனை எப்போது வாங்குவது என்றால், முதலில் சிலிண்டரை அளந்து, தேய்மானம் நீங்க எந்த ஓவர்சைஸ் (மூல அளவைவிட எத்தனை மி.மீ. பெரிய பிஸ்டன்) தேவை என்று கேளுங்கள். 0.25 போதுமென்றால் 0.50-க்குத் தாவ விடாதீர்கள். ஒவ்வொரு படியும் சிலிண்டரின் ஆயுளைக் குறைக்கும். பிறகு பிஸ்டனை வாங்கி, அதையும் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டன் கையில் இல்லாமல் போர் போடவே கூடாது. 0.25 என்று பொறித்திருந்தாலும் அது 70.25 இருக்காது. பாவாடைப் பகுதியின் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பக்கச் சுவர்) அடியில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டர் வைத்தால் 70.17 காட்டலாம். அப்படியானால் சிலிண்டர் 70.26-க்கு வர வேண்டும். பிஸ்டன் பின் இருக்கும் பக்கம் அளந்தால் குறைவாகக் காட்டும். பிஸ்டன் வட்டமல்ல, நீள்வட்டம்.

கடைசி அளவை ஹோனிங்கில்தான் (கடைந்த சுவரைச் சாணைக்கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) எட்ட வேண்டும். சிலிண்டர் ஆறிய பிறகு மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலும் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிஸ்டன் அளவு, சிலிண்டர் அளவு இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அந்த இரண்டு எண்களே உங்கள் சாட்சி.

வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரை வெந்நீரிலும் சோப்பிலும் தேய்த்துக் கழுவுங்கள். ஹோனிங் தூள் பெட்ரோலுக்குப் போகாது; புது ரிங்கை அரித்துவிடும். துடைக்கும் வெள்ளைத் துணி கறுக்காமல் வரும் வரை கழுவிவிட்டு, ஈரம் போனதும் உடனே எஞ்சின் ஆயில் பூசுங்கள். வார்ப்பிரும்பு சட்டென்று துருப்பிடிக்கும்.