கிளிநொச்சி, வவுனியா பக்கம் உண்மையிலேயே நல்ல குரோசோன் எங்கே கிடைக்கும்?

கேள்வி: பாரிசிலிருந்து பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்து கிளிநொச்சியில் நிற்கிறோம். காலையில் பிள்ளைகள் குரோசோன் (அடுக்கடுக்காய் வெதுப்பும் பிரெஞ்சுப் பட்டர்ப் பண்டம்) கேட்டு அடம்பிடிக்கிறார்கள். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை எந்த வெதுப்பகத்தில் நல்லது கிடைக்கும்? பார்த்து வாங்குவது எப்படி?

பதில்:

கடைப் பெயரைக் கேட்டுக்கொண்டு போவதில் பெரிய பலன் இல்லை. மா வேலை செய்கிறவர் வேறு கடைக்கு மாறினால், பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், பண்டம் மாறிவிடும். பார்க்கவேண்டியது வேறு: அந்த வெதுப்பகத்தில் மாவைத் தேய்க்கக் குளிரான ஓர் இடம் இருக்கிறதா, உள்ளே போவது பட்டரா, எத்தனை மணிக்கு வேலை நடக்கிறது. இந்த மூன்றும் சரியாக அமைந்த கடை வன்னியில் குறைவு. அதற்குக் கைத்திறன் காரணமில்லை, வெக்கைதான் காரணம்.

பாரிசில் நல்ல பாண் போடுகிறவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். 2023ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சிறந்த பாகெட்டுக்கான (நீட்டுப் பிரெஞ்சுப் பாண்) பரிசை எடுத்தவர் இலங்கையில் பிறந்த தமிழரான தர்ஷன் செல்வராஜா. ஆனால் அதே கைகளைப் பரந்தனில் பங்குனி மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குக் குரோசோன் செய்ய விட்டால், மாவும் பட்டரும் ஒன்றாய்க் குழைந்துதான் வரும். குளிர்ந்த மாவுக்கு நடுவே குளிர்ந்த பட்டரை வைத்து, மடித்து மடித்துத் தேய்ப்பதுதான் குரோசோனின் அடிப்படை. மூன்றாய் மடிப்பதை மூன்று தரம் செய்தால் பட்டர் 27 அடுக்காகும். பட்டர் 12 முதல் 16 பாகை செல்சியஸ் வரைதான் உடையாமலும் உருகாமலும் வளைந்து கொடுக்கும். தேய்க்கும்போது 20ஐத் தாண்டினால் மாவுக்குள் ஊறத் தொடங்கும். இங்கே பகலில் 32, 33 பாகை சாதாரணம். போறணை எரிகிற அறையில் அதைவிடக் கூட.

அதனால்தான் பெரும்பாலான இடங்களில் பட்டருக்குப் பதில் பேஸ்ட்ரி மாஜரின் என்ற கடினமான கொழுப்பைப் போடுகிறார்கள். அதன் உருகுநிலை 40 பாகையை ஒட்டி, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். எங்கள் வெக்கையிலும் அடுக்குக் கலையாது, பார்க்கவும் பட்டரை விட அழகாய் உப்பும். ஆனால் வாய்ச் சூட்டில் முழுதாய் உருகாது, அண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒட்டி நிற்கும். பட்டர் நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். பிரான்சிலும் மாஜரின் குரோசோன் விற்கிறார்கள், அங்கே பட்டர் போட்டதைத் தனிப் பெயரில் கூடிய விலைக்கு விற்பார்கள். இங்கே அந்தப் பிரிப்புக் கிடையாது, நீங்களேதான் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதல் சோதனையைக் கடைக்குள் போகமுன்னரே செய்யலாம். 227 கிராம் பட்டர் பைக்கற் ஒன்றில் சாதாரண அளவில் 14, 15 குரோசோன் வரும். அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம் பட்டர். அன்றைய பைக்கற் விலையை 15ஆல் பிரியுங்கள். வருகிற தொகை ஒன்றுக்கான பட்டர் செலவு மட்டும்தான். மா, சீனி, விறகு, கூலி எல்லாம் அதற்கு மேல். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதன் விலை அந்தத் தொகையை ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் அதில் பட்டர் இல்லை. கடைக்காரரோடு வாதாடவே தேவையில்லை.

இரண்டாவது, குரோசோனை வாங்கமுன் அதே கடையின் மீன் பேஸ்ட்ரி ஒன்றை வாங்கிப் பாருங்கள். மடித்துப் பொரிக்கிற பற்றீஸ் அல்ல, முக்கோணமாய் வெதுப்புகிற பேஸ்ட்ரி. அதில் ஈஸ்ட் இல்லை, ஆனால் மடித்துத் தேய்க்கிற வேலை ஒன்றுதான். வெட்டிய ஓரத்தில் இதழ் இதழாய்ப் பிரிந்து நின்றால் அங்கே அந்தக் கைவேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஓரம் ரொட்டி மாதிரித் தடித்துக் கிடந்தால் குரோசோனைத் தொடவே வேண்டாம், ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

மூன்றாவது, பண்டம். வளைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிறை வடிவம் எதற்கும் அத்தாட்சி இல்லை. பாரிசில் பட்டர் குரோசோன் பெரும்பாலும் நேராய்த்தான் இருக்கும். இங்கே பிறையாய் வளைத்து விற்பதில் பலவும் பணிஸ் மா, அதாவது சீனி தூவிய கிம்புளா பணிஸின் ஒன்றுவிட்ட தம்பி. ரீயில் தோய்த்துத் தின்ன அது நல்ல பண்டம்தான், ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரியும்: நல்ல குரோசோன் பருமனுக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு இலேசாய் இருக்கும். சாதாரண அளவில் ஒன்று 50, 55 கிராம்தான். நிறம் கடும் மண்ணிறமாய், படிப்படியாய் விளிம்பு தெரிய இருக்கவேண்டும். வெளிர் மஞ்சளாய் மினுங்கினால் முட்டை கூடிவிட்டது, வேக்காடு குறைந்துவிட்டது.

பிறகு அடியைத் திருப்பிப் பாருங்கள். அடி முழுக்க எண்ணெயில் பொரித்ததுபோலக் கறுத்து, கடதாசியும் ஊறியிருந்தால், பொங்க வைத்த நேரத்திலேயே கொழுப்பு வழிந்துவிட்டது. அந்தக் கொழுப்பை விரலில் தொட்டுத் தேயுங்கள். மத்தியான வெக்கையில் பட்டர் எண்ணெயாய் வழுக்கும். மாஜரின் என்றால் வெள்ளையாய்த் திரண்டு, தடிப்பாய் நிற்கும்.

கடைசியாகக் குறுக்கே வெட்டுங்கள். அமுக்காமல், பாண் வெட்டுகிற பல்லுக் கத்தியால். உள்ளே தேன்வதை மாதிரி நீண்ட அறைகளும், வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய சுவர்களும் நடுவிலிருந்து சுருண்டு வரவேண்டும். பாண் மாதிரிச் சீரான சிறு துளைகள் இருந்தால் தேய்க்கும்போதே பட்டர் உருகி மாவோடு கலந்துவிட்டது. இதுதான் வன்னியில் அடிக்கடி காணும் பிழை. மேலே ஒரு பெரிய குகையும் கீழே இறுகிய மாவுமாய் இருந்தால், பட்டர் அளவுக்கு மீறிக் குளிர்ந்து துண்டு துண்டாய் உடைந்திருக்கும், அல்லது பொங்க விட்ட நேரம் போதாமல் போயிருக்கும். நடுவில் களிபோல ஒட்டினால் வேகவில்லை.

வேகாமல் போவதற்குப் போறணையும் ஒரு காரணம். விறகுப் போறணையின் செங்கல் தளம் பாணுக்கு ஏற்ற மாதிரிக் கொதிக்கும். குரோசோனை அந்தச் சூட்டில் தள்ளினால் உள்ளே வேகமுன் அடி கருகிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் பாண் முழுவதையும் எடுத்த பிறகு, சூடு 200 பாகைக்கு இறங்க விட்டு, தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு வைத்துத் தள்ளுவார்கள். ஆகவே கடையில் கேட்கவேண்டிய கேள்வி, “அண்ணை, இது பாணுக்கு முன்னமோ பின்னமோ போறணைக்குள்ள போறது?” அடுத்தது, “பட்டரோ மாஜரினோ, ரெண்டும் கலந்ததோ?” கோபமில்லாமல் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். கலந்தது என்று சொன்னால் அதைக் குறையாய் எடுக்கவேண்டாம். இந்த வெக்கையில் அது நல்ல சமரசம், மாஜரின் மட்டும் போட்டதை விட எவ்வளவோ மேல்.

சுப்பர்மார்க்கட்டில் உறைய வைத்தது கிடைத்தால் பைக்கற்றுக்குள் தளர்வான பனித்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏ9 நெடுஞ்சாலையில் வரும் வழியில் எங்கேயோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. பச்சை மாவாய் வருவதில் ஈஸ்ட் அதோடு பலவீனமாகிவிடும், பொங்காது. அரைவாசி வெதுப்பியதற்கு அவ்வளவு பாதிப்பு இல்லை, முடிந்தால் அதையே எடுங்கள்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் தேறவில்லையென்றால் சொல்லிச் செய்விப்பதுதான் அடுத்த வழி. மீன் பேஸ்ட்ரி நன்றாய் இருந்த அந்தக் கடைக்குப் போய், பட்டரை நீங்களே வாங்கிக் கொடுத்து, குறைந்தது 30 துண்டுக்குச் சொல்லுங்கள். ஐந்து, பத்துக்கு யாரும் ஒரு தனி மா போடமாட்டார்கள். பட்டர் வாங்கும்போது பைக்கற்றின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குக் கொழுப்பு 82 கிராமாவது இருக்கிறதா என்று பாருங்கள். “ஸ்ப்ரெட்” என்று போட்ட எதுவும் சரிவராது. அதில் தண்ணீர் கூடுதல், மடிக்கவே முடியாது.

வீட்டில் செய்வதென்றால் அளவு இதுதான். பாண் போடுகிற கோதுமை மா 500 கிராம், பாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதியாய் 280 கிராம், சீனி 55, உப்பு 10, மாவோடு பிசையப் பட்டர் 40, இன்ஸ்ரன்ட் ஈஸ்ட் 6 அல்லது 7 கிராம். மடிக்கிற பட்டர் 227 கிராம் பைக்கற் ஒன்று. உப்புப் போட்ட பட்டர்தான் கிடைத்தது என்றால் மாவின் உப்பை 7 கிராமாகக் குறையுங்கள்.

கோதுமை மாவைப் பிசையமுன் ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். பாலும் தண்ணீரும் ஐஸ் குளிரில் இருக்கட்டும். பிசைவது நாலைந்து நிமிடம் போதும், பாண் மாவு மாதிரி இழுத்து இழுத்துப் பிசைந்தால் பிறகு தேய்க்கும்போது சுருண்டு திரும்பும். தட்டையாக்கி, பொலித்தீனால் மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள். பட்டரை இரண்டு ஒயில் பேப்பருக்கு நடுவே வைத்து உருளைக்கட்டையால் தட்டி, 18க்கு 18 சென்ரிமீற்றர் சதுரமாய், 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தடிப்பில் ஆக்கி அதையும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மடிக்கிற வேலை விடிய மூன்றரைக்குத் தொடங்கவேண்டும். சொகுசுக்குச் சொல்லவில்லை, வன்னியில் ஏசி இல்லாத வீட்டில் இது நடக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான். மார்கழி, தை மாதங்களில் இன்னும் சுகம். மேசையின் மேல் ஐஸ் கட்டி நிரப்பிய தட்டைப் பத்து நிமிடம் வைத்து, எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டரை எடுத்து வளைத்துப் பாருங்கள்: வெடித்தால் இரண்டு நிமிடம் வெளியில் விடுங்கள், விரல் புதைந்தால் திரும்ப உள்ளே வையுங்கள். மாவை 18க்கு 37 ஆகத் தேய்த்து, நடுவில் பட்டரை வைத்து, இரு பக்கமும் நடுவில் சந்திக்க மூடி, 20க்கு 60 அளவுக்கு நீட்டி, மூன்றாய் மடியுங்கள். பிறகு 20 நிமிடம் ஃபிரீசர், 30 நிமிடம் ஃபிரிட்ஜ். இப்படி மூன்று தரம், ஒவ்வொரு தரமும் மடிப்பின் பக்கத்தைத் திருப்பி வைத்து. ஒரு தடவை தேய்ப்பது ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மாவின் மேல் மினுக்கம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஃபிரீசரில் போடுங்கள். கரண்ட் நிற்கும் என்று அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கடைசியில் நாலரை மில்லிமீற்றர் தடிப்பில் தேய்த்து, அடி 9, உயரம் 28 சென்ரிமீற்றர் வரும்படி முக்கோணமாய் வெட்டி, இறுக்காமல் சுருட்டுங்கள்.

இனித்தான் ஐரோப்பியச் சமையல் குறிப்புகள் எங்களைக் கவிழ்க்கிற இடம். “சூடான இடத்தில் பொங்க விடுக” என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் வீட்டில் 19, 20 பாகை, அதனால் சூடாக்கவேண்டியிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது குளிராக்குவது. பொங்குவதற்கு 25, 26 பாகை போதும், 28ஐத் தாண்டினால் பட்டர் கசிந்து கடதாசியில் இறங்கும். மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றை (புதியதாய்ப் பாருங்கள், பழையதில் மணம் ஏறும்) எடுத்து, உறைய வைத்த ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை மூலையில் நிறுத்தி, தட்டை உள்ளே வைத்து, வெப்பமானி ஒன்றும் போட்டு மூடிவிடுங்கள். 23க்கு இறங்கினால் போத்தலை எடுத்துவிடலாம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தட்டை மெல்ல அசைத்தால் எல்லாம் சேர்ந்து தளும்பும், ஓரத்தில் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். அப்போது 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வெதுப்பினால் பட்டர் வழிவது பெருமளவு குறையும்.

முட்டையைப் பாலோடு அடித்து மேலே மட்டும் பூசுங்கள். வெட்டிய ஓரத்தில் பட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு விரியாது. 200 பாகையில் 10 நிமிடம், பிறகு 180இல் 10 முதல் 12 நிமிடம். இடையில் கதவைத் திறக்காதீர்கள். கம்பித் தட்டில் அரை மணி நேரமாவது ஆற விடுங்கள், அதுவரை உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்.

பொலித்தீன் பையில் சூட்டோடு கட்டினால் வேர்த்து நமுத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். காற்றில் ஈரம் கூடிய மாரி காலத்தில் எப்படி வைத்தாலும் நாலைந்து மணி நேரத்தில் மொறுமொறுப்புப் போய்விடும். அப்போது ஓவனை 160 பாகைக்குச் சூடாக்கி ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் திரும்ப வரும், ஆனால் அது ஒருமுறைக்குத்தான். கடையில் வாங்கியதற்கும் இதுவே முறை. மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் மாதிரி இழுபடும்.