குடத்தின் அடியும் பேச்சுக் குமிழும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருகோணமலையில் பத்தாம் தரம் படிக்கிறேன். சித்திரக்கதை கீற வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் போன தவணை சித்திரத்துக்கு 41 புள்ளிதான். மேசையில் வைத்த குடத்தைக் கீறினால் விழப்போவது போல இருக்கிறது என்கிறார் ரீச்சர். கதையிலோ ஒரு படப்பெட்டியில் வரும் பெடியன் அடுத்த பெட்டியில் வேறு ஆளாகிவிடுகிறான். சித்திரப் பாடத்தை விட்டுவிட்டு நானாகப் பழகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

விடவேண்டாம். குடமும் பெடியனும் ஒரே பிழையால்தான் கெடுகிறார்கள். அளக்காமல் ஓரக்கோட்டில் தொடங்குகிறீர்கள்.

முதலில் குடத்துக்கு ஒரு நடுக்கோடு. பிறகு கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அகலத்தை அளந்து, உயரத்தில் அது எத்தனை தரம் போகிறது என்று பாருங்கள். முழங்கை மடிந்தால் அளவு மாறிவிடும். அநேகர் பிழைவிடுவது இங்கேதான். அடுத்தது அடி. வாயை வட்டமாகக் கீறிவிட்டு அடியை அடிமட்டம் வைத்ததுபோல் நேராக இழுப்பார்கள். மேலிருந்து பார்க்கிறோம், ஆகவே அடி வாயைவிடக் கூடுதலாக வளையும்.

பெட்டிகளுக்குள் ஆட்களை நிறுத்த டச் பே கடற்கரைக்குப் போங்கள். கடலும் வானும் தொடுகிற கோடு எப்போதும் உங்கள் கண்ணளவில் நிற்கும். மணலில் குந்தினால் இறங்கும், கோணேசர் கோயில் மலையில் ஏறினால் கூடவே ஏறும். நீங்கள் நின்றபடி பார்த்தால், சமதரையில் உங்கள் உயரமுள்ளவர்களின் கண்கள் கிட்டவானாலும் தூரவானாலும் அந்தக் கோட்டில்தான் இருக்கும். பாதங்கள்தான் மேலே கீழே போகும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் கோட்டை முதலில் போடுங்கள்.

பெடியனின் தலையையே அளவாக வைத்து, அவன் எத்தனை தலை உயரம் என்று முடிவு செய்யுங்கள். நான்கு என்றால் கடைசிப் பெட்டிவரை நான்குதான். உச்சி, கண், நாடி, இடுப்பு, முழங்கால், பாதம் என்று தாளின் குறுக்கே ஆறு கோடு போட்டு, அவற்றுக்குள் அவனை முன்னால், பக்கவாட்டில், பின்னால் கீறி, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கை இளக வேண்டுமானால் பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கும் மான்களை ஒரு நிமிடத்துக்கு ஒன்றாக, அழிறப்பர் இல்லாமல் கீறுங்கள். கொப்பி கவனம், தின்ன வரும்.

வகுப்பில் சொல்லித்தராதது எழுத்து. பேச்சுக் குமிழைக் கீறிவிட்டு உள்ளே வசனத்தை நெருக்குவதுதான் வழமையான பிழை. தமிழ்ச் சொல் நீளம். ஒடுங்கிய குமிழில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ மூன்றாக உடையும். ‘கீ’யின் சுழி மேலே போகும், ‘கூ’வின் வால் கீழே வரும், வரிகள் ஒன்றோடொன்று முட்டும். ஆகவே முதலில் வசனம், அதைச் சுற்றிக் குமிழ், மிச்ச இடத்தில் படம். எழுத்து 4 மில்லிமீற்றர், வரிக்கு வரி 8 மில்லிமீற்றர் வையுங்கள். ஏ4 தாளை ஏ5 அளவுக்குப் போட்டோக்கொப்பியில் 71 வீதமாகக் குறைத்தாலும் வாசிக்கலாம். பெட்டிக்குப் பதினைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்கட்டும். இல்லாவிட்டால் கேள்விக்கு முன்னே பதிலை வாசிப்பார்கள்.

ஜெல் பேனை மை நன்றாகக் காயமுன் அழிறப்பர் போடாதீர்கள், இழுபடும்.

முதல் கதை நான்கு பக்கம் போதும். குறைத்த பக்கங்களை ஏ4 தாளின் இரு புறமும் ஒட்டி நடுவில் மடியுங்கள். வெளிப்புறத்தில் இடது 4, வலது 1. உள்ளே 2, 3. மாறி ஒட்டினால் கதை முடிவிலிருந்து தொடங்கும்.