சுட்டு நிமிர்த்தலாமா?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் டியூஷனிலிருந்து வரும்போது லாரிக்கு ஒதுங்கி, சிறுபாலக் கட்டையில் மோதி விழுந்துவிட்டாள். சிராய்ப்போடு தப்பித்தாள். ஆனால் கியர் சைக்கிளின் ஹேண்டில்பார் இடது பக்கம் இரண்டு விரற்கடை கீழே தொங்குகிறது. “கேஸில் சுட்டு நிமிர்த்திடலாம், 100 ரூபாய் போதும்” என்கிறார் பட்டறைக்காரர். புதுசு 600 ரூபாயாம். எது சரி?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சுட மட்டும் விடாதீங்கம்மா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தப் பொம்மை ஏதாவது ஒட்டியிருக்கும். அதைக் கொண்டுபோய் ஹேண்டில்பாரில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலாய், அதாவது அலுமினியக் கலவை. கியர் சைக்கிளில் இரண்டும் வருகிறது; கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் எனக்கே கண்ணால் பார்த்துச் சொல்ல வராது.

ஒட்டவில்லையா, மாற்றிவிடுங்கள். அலாய் ஒருமுறை வளைந்தாலே அந்த இடம் நைந்துவிடும். நிமிர்த்துகிறேன் என்பது இன்னொரு முறை வளைப்பதுதான். சுடுவது அதைவிட மோசம். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் சிவக்கவே சிவக்காது, 660 டிகிரி தாண்டுவதற்குள் உருகிவிடும். அதற்கு வெகு முன்னாலேயே பதம் கெட்டு இளகிப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையனுடைய அலாய் பாரை வைஸ் இடுக்கியில் கடித்து நிமிர்த்திக் கொடுத்தேன். நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் ரயில்வே மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறான், ஸ்டெம்மை, அதாவது பாரை நடுவில் பிடித்திருக்கும் கழுத்தை ஒட்டி ஒடிந்துவிட்டது. முன்பல் இரண்டு போச்சு. 30 ரூபாய் கூலி வாங்கியிருந்தேன்.

இரும்பு என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். வளைவு கைப்பிடிப் பக்கமாக, மடிப்பு விழாமல் மெதுவாக இருந்தால், நீளக் குழாயைச் செருகிச் சுடாமலே ஒரு தடவை நிமிர்த்தலாம். சுட்டால் குரோம் உரிந்து துரு ஏறும். குழாய் நசுங்கியிருந்தாலோ, வளைவு ஸ்டெம் அருகே இருந்தாலோ அதுவும் வேண்டாம். சந்தேகமா? மண்ணெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பூசிக் கொஞ்ச நேரம் விடுங்கள். கீறல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும்.

பட்டறைக்காரரைக் கோபிக்காதீர்கள். அவர் கை பழகியது ராடு பிரேக் வண்டியில், அதாவது கம்பியால் பிரேக் பிடிக்கும் பழைய சைக்கிளில். அதில் ஹேண்டிலும் ஸ்டெம்மும் ஒரே உருப்படி, தடித்த இரும்பு. எத்தனையோ முறை நிமிர்த்தியிருப்பார்.

கடைக்குப் போகும்போது பழைய பாரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதி சிலதில் 25.4 மில்லிமீட்டர், சிலதில் 31.8, மாறினால் பொருந்தாது. முனை இரண்டிலும் மூடி இருக்க வேண்டும். விழும்போது திறந்த குழாய் வயிற்றில் குத்திவிடும், பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இதுதான் பெரிய பயம். அப்படியே ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை, நேராக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாலக் கட்டையில் மோதிய வண்டி.

பழைய பாரை அங்கேயே இரண்டாக அறுத்துத் தரச் சொல்லி, காயலான் கடையில் போடுங்கள். முழுசாக விட்டால் இன்னொரு பிள்ளையின் சைக்கிளில் ஏறிவிடும்.