மூன்றாம் நம்பர் பாட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருடமாக பார்லர் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, உதவிக்கு ஒரு பெண். என்னைப் போன்றவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறேன். தொழிலில் பாதியை அங்கேதான் கற்றுக்கொண்டேன். குழுவை நடத்தும் அக்கா காசு வாங்காமல் எனக்கு நிறையச் சொல்லித்தந்தவர்.

போன ஆடியில், கல்யாண சீசன் இல்லாத நேரத்தில், அவர் முடியை நேராக்கும் ஒரு கெரட்டின் க்ரீமைப் பற்றிக் குழுவில் போட்டார். "ஃபார்மலின் இல்லாதது, நானே யூஸ் பண்றேன்" என்று முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு. நம்பி வாங்கினேன். அயர்னிங் செய்யும்போது கண்ணில் நீர் கொட்டுகிறது, மூக்கு எரிகிறது. உதவிக்கு இருக்கும் பெண் இருமுகிறாள். குழுவில் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான்பா, ஃபேனப் போட்டுக்கோ" என்றார்கள். இப்போது டீலர் மூலம் தெரியவந்தது, ஒவ்வொரு பாட்டிலுக்கும் அக்காவுக்குக் கமிஷன் போகிறது. மனசு விட்டுப்போயிற்று.

கமிஷன் வாங்குவது தப்பா அம்மா? இதைக் குழுவில் போட்டு உடைக்கலாமா, சத்தமில்லாமல் வெளியேறிவிடலாமா? தொழில் ரகசியம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு எல்லை எது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் என் சித்தியின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். கும்பகோணத்தில் இருபது வருடத்துக்கு மேல் பார்லர் நடத்தியவர். பெட்டிக்குள் சீப்புகள், த்ரெட்டிங் நூல் கண்டுகள், அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டிலுக்குள் கட்டிதட்டிப்போன ஏதோ ஒரு பவுடர். மூடியில் சிவப்பு மையில் 3 என்று எழுதியிருந்தது. அந்தப் பாட்டிலை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த க்ரீமை மூடி எடுத்து வையுங்கள். இன்றைக்கே. நாளைக்கு இரண்டு பேர் நேரம் வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள்.

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் அந்த உதவிப் பெண் இல்லை. அவள் இருமுகிறாள் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அக்காவின் கமிஷன் மேல் உங்களுக்கு வந்த கோபத்தில் கால்பங்குகூட அந்த இருமலின் மேல் வரவில்லை. அவள் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவள். அறையை விட்டு வெளியே போய் நிற்க முடியாதவள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கமிஷன் வாங்கலாம். சொல்லிவிட்டு வாங்க வேண்டும். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அந்தக் கம்பெனியோடு தனக்குள்ள காசுத் தொடர்பை மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளே சொல்கின்றன. இந்தக் கேள்வியில் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

என்னைத் தூங்கவிடாதது வேறு. "எல்லாருக்கும் அப்படித்தான்." இருநூறு பேர் இருக்கும் இடத்தில், ஒரே வேலையை ஒரே மாதிரி மூக்கால் மூச்சுவிட்டுச் செய்பவர்கள் நடுவில், ஒருத்தி எரிகிறது என்று சொன்னதற்கு வந்த பதில் அது. எல்லாருக்கும் எரிகிறது என்றால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்று ஒரு நகரம். 2010இல் அங்கே ஒரு சலூனில் முடி நேராக்கும் வேலை செய்தவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது, மூச்சு வாங்கியது. அவர்கள் பயன்படுத்தியது பிரேசிலியன் ப்ளோஅவுட் என்ற சரக்கு. பாட்டிலில் 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று போட்டிருந்தது. ஃபார்மால்டிஹைடு ஒரு வாயு. உங்கள் அக்கா சொன்ன ஃபார்மலின் என்பது அந்த வாயு தண்ணீரில் கரைந்ததுதான். சலூன்காரர்கள் ஃபேனைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரவில்லை. அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தொழில்நலப் பிரிவுக்குச் சொன்னார்கள். அங்கிருந்து விஷயம் மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறைக்குப் போனது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சலூன்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். 'இல்லாதது' என்று விற்ற அந்தச் சரக்கில் சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது.

கம்பெனி விடவில்லை. உள்ளே இருப்பது மெத்திலீன் கிளைக்கால், அது வேறு பொருள் என்று வாதாடியது. ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்தால் அந்தப் பெயரில்தான் இருக்கும். அயர்னிங் மெஷினின் சூடு பட்டதும் மறுபடி வாயுவாகிக் கிளம்பிவிடும். எங்கே கிளம்பும்? க்ளையன்டின் தலைக்கு மேலே, குனிந்து நிற்கும் உங்கள் முகத்துக்கு நேரே. க்ளையன்ட் வருடத்தில் இரண்டு தடவை வருவார். நீங்கள் தினமும் நிற்கிறீர்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே ஃபார்மால்டிஹைடை வகைப்படுத்திவிட்டது. 2011இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை அந்தக் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2012இல் கலிஃபோர்னியா அரசோடு ஆறு லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு, 'இல்லாதது' என்று விளம்பரம் செய்வதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் பாட்டிலிலும் அதுதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் அதைச் சொல்வது தப்பு. வேறு ஏதாவதும் இருக்கலாம். ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாக இப்போது பல ஸ்ட்ரெய்ட்டனிங் சரக்குகளில் கிளையாக்சிலிக் அமிலம் சேர்க்கிறார்கள். அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று 2024இல் மருத்துவ இதழில் வந்துவிட்டது. 'இது இல்லாதது' என்று ஒரு பாட்டில் சொன்னால், சரி, அப்படியென்றால் எது இருக்கிறது என்று கேட்க வேண்டும். நீங்கள் கேட்டீர்களா? பின்பக்கம் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை ஒரு தடவையாவது படித்தீர்களா? உங்கள் கடிதத்தில் படங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். லேபிளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இப்போது அந்த மூன்றாம் நம்பருக்கு வருகிறேன்.

1980களின் தொடக்கத்தில் சித்தி சென்னையில் ஒரு அம்மாவிடம் ஆறு மாதம் தொழில் கற்றார். அந்த அம்மா எந்தச் சரக்கையும் கம்பெனி பாட்டிலோடு மாணவிகளுக்குக் காட்ட மாட்டார். வீட்டிலேயே ஹார்லிக்ஸ் பாட்டில்களில் மாற்றி 1, 2, 3 என்று எண் போட்டுக் கொண்டுவருவார். "ஒன்றில் இரண்டு ஸ்பூன், மூன்றில் ஒரு ஸ்பூன்." அவ்வளவுதான் பாடம். படிப்பு முடிந்த பிறகும் அந்த எண்களை அவரிடமே வாங்க வேண்டும். சித்திக்கு பஸ் பார்சலில் வரும்.

நாலைந்து வருடத்தில் சித்தியின் விரல் நுனிகள் வெடிக்க ஆரம்பித்தன. ரசம் சோற்றைப் பிசைய முடியாது, ஸ்பூனில் சாப்பிடுவார். நான்தான் துணைக்குத் தஞ்சாவூருக்கு ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்னென்ன கலக்குகிறீர்கள் என்று அவர் கேட்டார். சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூணாம் நம்பர்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தன் கையைத் தின்றுகொண்டிருந்த பொருளின் பெயர் சித்திக்குத் தெரியவில்லை. சென்னை அம்மாவுக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் சித்தியைப் பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு தன்னிடம் கற்க வந்த பெண்களுக்கு அவரும் எண்களைத்தான் சொன்னார். பெயர் தெரிந்த சரக்குகளிலும் லேபிளை எடுத்துவிடுவார். சுடுதண்ணீரில் ஊறவைத்த பாட்டில்களின் லேபிளை நகத்தால் சுரண்டியது நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தத் தஞ்சாவூர் அறையில் உட்கார்ந்திருந்தவள், எல்லாவற்றையும் கேட்டவள், அதே மாதத்தில் சுரண்டினேன். எத்தனை பெண்கள் என் நகம் பட்ட பாட்டிலில் கைவிட்டிருப்பார்கள் என்று இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் ரகசியத்துக்கு எல்லை எது என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராமல் இல்லை. எந்த முடிக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், இந்த முகத்துக்குப் புருவம் எங்கே வளைய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கை. யாருக்கும் சொல்லாதீர்கள், கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. பாட்டிலுக்குள் இருப்பது உங்கள் கை இல்லை. அது இன்னொருத்தியின் உடம்புக்குள் போகிறது.

கேரளத்தில் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் நடுவே ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரே உட்பிரிவு. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். டாக்டர்கள் சந்தேகித்தது பாதரசத்தை. நம் சட்டப்படி இத்தகைய க்ரீமில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது, தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. என்ன பூசினீர்கள் என்று டாக்டர்கள் கேட்டதால் நூல் பிடிபட்டது. மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஒரே வீட்டில் மூன்று பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அவர்களுக்கு க்ரீம் விற்றவர் உள்ளூர் பியூட்டீஷியன். அவருக்காவது உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்திருக்குமா?

உங்கள் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, தயாரித்தவரின் முகவரி, உற்பத்தி உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன ஆயிற்று என்று தேதியோடு எழுதுங்கள். முடி பளபளக்கும் படங்களே வரும் இடத்தில் இது வரட்டும். வெளியேறாதீர்கள். நீங்கள் வெளியேறினால் அங்கே எரிகிறது என்று சொல்ல ஒருத்தி குறைவாள்.

அதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் போடுங்கள். குழுவில் வைத்து அவரை அவமானப்படுத்த வேண்டாம். காசு வாங்காமல் கற்றுத் தந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது பொய்யாகிவிடவில்லை. கமிஷன் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். "நானே யூஸ் பண்றேன்" என்றாரே, அது உண்மையென்றால் அவர் உங்களைவிட எத்தனையோ பாட்டில்கள் அதிகமாகத் திறந்திருக்கிறார். உங்களுக்கும் கண் எரியுதா அக்கா என்று கேளுங்கள்.

நாளைக்கு அந்தப் பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போங்கள், நீங்களும் காட்டிக்கொள்ளுங்கள். போகும்போது பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அம்மா